ஏகாம்பரம் வண்டியின் பெட்ரோல் முள்

பெட்ரோல் முள் தகராறு செய்யும் பழைய வண்டி வந்தால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். உட்கார்ந்து எழுதினேன். அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. டேங்குக்கு அடியில் வயர்கள் சேருகிற கப்ளரைக் கழற்றி இரண்டு வயரையும் சேர்த்துப் பிடி. முள் நகர்ந்தால் மீட்டர் நல்லது, டேங்குக்குள் இருக்கும் மிதவையைப் பார். நகராவிட்டால் வயரைப் பார், எர்த்தைப் பார், கடைசியில் மீட்டரைப் பார். இவ்வளவுதான் சமாசாரம். இதையே உங்கள் போனில் யாராவது பாட்டுப் போட்டுப் பத்து நிமிடம் காட்டுவார்கள். அதற்கு நான் எதற்கு?

அதனால் அந்த அரைப் பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, ஒரு பெட்ரோல் முள்ளை ரொம்பச் சரியாக ரிப்பேர் செய்து, ஒரு கல்யாணத்தையே நான் கெடுக்கப் பார்த்த விஷயத்தைச் சொல்கிறேன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிற உங்கள் நாலு பேருக்கும் அதுதான் உபயோகப்படும். சிரிக்கலாம், தப்பில்லை. நானே இப்போதெல்லாம் சிரித்துவிடுகிறேன்.

நீங்கள் இன்றைக்கு வேலை செய்கிற இதே கேம்ப் ரோடு கடையில்தான் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். ஒற்றை ஷட்டர். வயரிங், மீட்டர், லைட், ஹாரன் தவிர வேறு எதையும் தொடமாட்டேன். இன்ஜின் வேலை கேட்டு வந்தால் பக்கத்துக் கடைக்குக் கை காட்டிவிடுவேன். எனக்கு ஒரு பெரிய வியாதி உண்டு. நான் ஒரு வேலையை நன்றாகச் செய்துவிட்டேன் என்றால் அதை என் வாயால் சொல்லமாட்டேன். வண்டிக்காரரே அதைக் கண்டுபிடித்து, ஆச்சரியப்பட்டு, திரும்பி வந்து, நாலு பேர் நிற்கும்போது சத்தமாகச் சொல்ல வேண்டும். அதற்காகவே சொன்ன வேலையோடு சொல்லாத வேலை ஒன்றையும் சேர்த்துச் செய்து, ஊமை மாதிரி சாவியை நீட்டுவேன். தன்னடக்கம் என்று ஊரில் பெயர். வீட்டுக்காரிக்கு மட்டும் உண்மை தெரியும். “உனக்கு இருக்கிற திமிருக்கு இதுவும் ஒரு வேஷம்” என்பாள்.

ஏகாம்பரம் சேலையூர்க்காரர். பரம்பரையாக அங்கேயே இருக்கிற குடும்பம். ஒரு பள்ளிக்கூடத்தில் அலுவலக உதவியாளர் வேலை. அவரிடம் இருந்தது மெரூன் கலரில் ஒரு பழைய நூறு சிசி வண்டி. அதன் வயசைக் கேட்டால், “என் பையனுக்கு அண்ணன்” என்று சொல்லுவார். ஒரு நாள் சாயங்காலம் அந்த வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

“அண்ணா, முள்ளு டான்ஸ் ஆடுதுண்ணா. பள்ளத்துல எறங்குனா ஃபுல்லு, மேட்டுல ஏறுனா எம்ப்டி. பேஜாரா கீது. வியாழக்கெழமை அக்கா பொண்ணு கண்ணாலம். அதுக்குள்ள சரி பண்ணிக் குடு.”

“வுட்டுட்டுப் போ. நாளைக்கு காலைல எட்த்துக்கோ.”

முள் ஆடுவதற்குக் காரணம் பத்து நிமிடத்தில் கிடைத்துவிட்டது. டேங்குக்கு அடியில் எர்த் வயர் லூசாக, பச்சை பூத்துக் கிடந்தது. சுரண்டி, முறுக்கி, இறுக்கினேன். முள் நின்றது. அவர் கேட்ட வேலை அதோடு முடிந்தது. சாவியைக் கொடுத்திருந்தால் இந்தக் கதையே கிடையாது.

ஆனால் என் கை சும்மா இருக்குமா? மிதவையையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று கழற்றினேன். அதன் கம்பி வளைந்திருந்தது. எப்போதோ யாரோ டேங்க் ஒடுக்கு எடுக்கும்போது வளைத்திருப்பார்கள். அப்படி வளைந்தால் என்ன ஆகும் என்றால், டேங்கில் இரண்டு லிட்டர் மிச்சம் இருக்கும்போதே முள் எம்ப்டியில் போய்ப் படுத்துக்கொள்ளும். நிரம்ப ஊற்றினாலும் முக்காலைத் தாண்டாது. பார்த்ததும் எனக்குக் குஷி வந்துவிட்டது. மொத்தப் பெட்ரோலையும் வடித்து, அளவு குவளையால் ஒவ்வொரு லிட்டராக ஊற்றி, கம்பியை முடி அளவு முடி அளவாக நிமிர்த்தி, அன்றைக்கு இரண்டு மணி நேரம் அந்த முள்ளோடு குடித்தனம் நடத்தினேன். முடிவில் முள் காட்டியது சத்தியம். எம்ப்டி என்றால் எம்ப்டி. ஃபுல் என்றால் ஃபுல். கம்பெனியிலிருந்து வந்த நாளில்கூட அந்த வண்டியில் முள் அவ்வளவு யோக்கியமாக இருந்திருக்காது.

காலையில் ஏகாம்பரம் வந்தார். வண்டியை ஒரு குலுக்குக் குலுக்கினார். முள் ஆடவில்லை. “சூப்பர்ணா” என்றார். மிதவையைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்யாணம் முடிந்து, நிரம்பப் பெட்ரோல் போடும்போது முள் ஃபுல்லைத் தொடுவதைப் பார்த்துவிட்டு ஓடி வருவார், கடையில் நாலு பேர் இருப்பார்கள் என்று மனசுக்குள் ஒரு காட்சியை ஓட்டிப் பார்த்துக்கொண்டு சாவியைக் கொடுத்தேன்.

இங்கே ஏகாம்பரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கல்யாணப் பெண் நித்யா, அவருடைய அக்கா மகள். அக்கா புருஷன் அந்தப் பெண் மூன்றாவது படிக்கும்போதே போய்விட்டார். அவர் பக்கத்துச் சொந்தம், நிலத்தைப் பிரித்துக்கொண்ட கையோடு விலகிவிட்டது. முக்கியமாக அவருடைய அண்ணன், அதாவது நித்யாவுக்குப் பெரியப்பா, அந்த வீட்டு வாசலை மிதித்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டதும், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்ததும், காலேஜுக்கு இதே மெரூன் வண்டியில் நாலு வருடம் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விட்டதும் தாய்மாமன் ஏகாம்பரம்தான். அதனால் கல்யாணத்தில் அப்பா அம்மா உட்கார வேண்டிய மணையில் ஏகாம்பரமும் அவர் சம்சாரமும் உட்கார்ந்து பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுப்பது என்று பேசியிருந்தார்கள். பத்திரிகை வைக்க வந்தபோது இதைச் சொல்லும்போதே அவருக்குக் குரல் மாறிவிட்டது. இதற்குப் பாக்கி எல்லாரும் சம்மதம். பெரியப்பாவுக்கு மட்டும் மனசில்லை. அப்பா வழி ரத்தம் இருக்கும்போது அம்மா வழி ஆள் எப்படி உட்காரலாம் என்று முதல் நாள் ராத்திரி விருந்திலேயே ஆரம்பித்துவிட்டாராம்.

வியாழக்கிழமை. கூடுவாஞ்சேரியில் மண்டபம். முகூர்த்தம் ஏழரை ஒன்பது. நான் எட்டே காலுக்குக் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

“அண்ணா, வண்டி நின்னு பூட்சிண்ணா! வண்டலூர்ல நடுரோட்ல நின்னுகினு கீறேன்!”

“இன்னாப்பா, கண்ணாலத்துல இல்லாம வண்டலூர்ல இன்னா பண்றே?”

ஒரே மூச்சில் கொட்டினார். முகூர்த்தப் புடவைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்த சேலையூர் தையல்காரர், இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்து, கல்யாணத்தன்று காலையில்தான் ரெடி என்று போன் செய்திருக்கிறார். வண்டியில் போய் வர ஒரு மணி நேரம், நானே போகிறேன் என்று பட்டு வேட்டியோடு ஏகாம்பரம் கிளம்பிவிட்டார். ரவிக்கை கையில் வந்துவிட்டது. திரும்பும் வழியில் வண்டலூரில் வண்டி படுத்துவிட்டது.

“ஒம்போதுக்குள்ள நான் போவலன்னா அந்தாளு மணைல குந்திடுவாண்ணா. ரெடியா பட்டு கட்டிகினு குந்திகினு கீறான். நேரம் பூட்சின்னா ஐயரு யாருக்கும் நிக்கமாட்டாரு.”

எனக்குக் கவலை வேறு. வண்டியில் கடைசியாகக் கை வைத்தவன் நான். டேங்கைத் தூக்கி, அடியில் இருந்த வயரையெல்லாம் பிரித்து, திரும்பக் கட்டினவன் நான். ஏதோ ஒரு கப்ளரைச் சரியாக அழுத்தவில்லை, ஆட்டத்தில் கழன்றுவிட்டது என்று என் மனசு முடிவே கட்டிவிட்டது. ஆனாலும் கேட்கிற கேள்வியை ஒரு கடனுக்குக் கேட்டேன்.

“பெட்ரோல் கீதா?”

“கீதுண்ணா. ரெண்டு லிட்டர் கீது.”

பாருங்கள், ரெண்டு லிட்டர் என்று கணக்காகச் சொன்னார். இருக்கும் என்று இழுத்திருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேன். சுத்தமாக ஒரு அளவைச் சொன்னதும் நம்பிவிட்டேன்.

அதற்கு மேல் நடந்ததுதான் கூத்து. நான் இங்கிருந்து சொல்கிறேன், அவர் அங்கே நெடுஞ்சாலை ஓரத்தில் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செய்கிறார். சைடு கவரைக் கழற்று. ஃப்யூஸ் நல்லா இருக்கிறதா? இருக்கிறது. ஹாரன் அடி. அடிக்கிறது. டேங்குக்கு அடியில் கையை விட்டு வெள்ளைக் கப்ளரைத் தேடு. அழுத்து. கிக்கர் அடி. ஸ்டார்ட் ஆகவில்லை. பச்சைக் கப்ளரை அழுத்து. கிக்கர் அடி. பட்டு வேட்டியோடு அவர் கிக்கர் உதைக்கிற சத்தமும், பக்கத்தில் போகிற பஸ்ஸின் ஹாரனும், மூச்சு வாங்குவதும் எனக்கு இங்கே கேட்கிறது. எல்லாக் கப்ளரும் சரியாகத்தான் இருந்தன. இருந்தும் நான் விடவில்லை. இன்னொரு தடவை முதலிலிருந்து பார் என்றேன்.

உங்களில் கெட்டிக்காரர்கள் இதற்குள் பிடித்திருப்பீர்கள். கரண்டு போனால் வண்டி டக்கென்று சாகும். பெட்ரோல் தீர்ந்தால் இருமி, இழுத்து, அப்புறம்தான் சாகும். எப்படி நின்றது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். ஹாரன் அடிக்கிறது என்ற இடத்திலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். கேட்கவும் இல்லை, உறைக்கவும் இல்லை. என் மேல் தப்பு இருக்கக் கூடாதே என்கிற பயத்தில், என் தப்பு இருக்கக்கூடிய இடங்களை மட்டும் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தேன். அவசரத்தில் புத்தி இப்படித்தான் ஒரே தெருவில் சுற்றும்.

கடைசியில் ஒன்றும் தோன்றாமல், சும்மா வாயில் வந்ததைக் கேட்டேன். “முள்ளு இப்ப எங்க நிக்குது?”

“எம்ப்டிலதாண்ணா. அது எப்பவும் அப்டித்தானே? எம்ப்டி தொட்டா ரெண்டு லிட்டர் கீதுன்னு அர்த்தம். அன்னிக்கு சாய்ங்காலம் போட்டா போதும். பத்து வருசமா அப்டித்தாண்ணா ஓட்றேன்.”

அப்படியே ஷட்டருக்கு அடியில் உட்கார்ந்துவிட்டேன்.

பத்து வருடமாகப் பொய் சொன்ன முள். அந்தப் பொய் எத்தனை லிட்டர் என்று ஏகாம்பரத்துக்கு மனப்பாடம். அவருக்கும் அந்த முள்ளுக்கும் நடுவில் ஒரு ஒப்பந்தம் இருந்திருக்கிறது. நான் போய் முள்ளை மட்டும் திருத்திவிட்டு, அவரிடம் சொல்லாமல் வந்திருக்கிறேன். காலையில் மண்டபத்திலிருந்து கிளம்பும்போது எம்ப்டிக்குக் கொஞ்சம் மேலே இருந்ததாம். தையல்கடையை விட்டுக் கிளம்பும்போது எம்ப்டி. வழியில் இருந்த பங்க்கை ஹாயாகத் தாண்டி வந்திருக்கிறார். ரிசர்வ் போட்டுப் போகலாமே என்பீர்கள். அந்தக் குமிழ் இறுகிப்போனதால் வருடக் கணக்காக ரிசர்விலேயேதான் ஓட்டுகிறார். ஒரு சொட்டு மிச்சமில்லை.

கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டரை. பன்னிரண்டு நிமிடத்தை நான் தின்றுவிட்டிருந்தேன்.

இனிமேல் என்ன செய்வது என்பதில்தான் எல்லாம் இருந்தது. நான் இங்கிருந்து பெட்ரோலோடு போனால் அந்த நேரத்துப் போக்குவரத்தில் ஒன்பதாகிவிடும். பங்க் எதிர்ப்பக்கம், நடுவில் தடுப்புச் சுவர், வண்டியைத் தள்ளிக்கொண்டு சுற்றி வந்தால் அதுவும் அவ்வளவு நேரம். வண்டியை ஓட வைக்க எனக்கு நாலு வழி தோன்றியது. நாலுமே ஒன்பது மணிக்கு அந்தப் பக்கம். முப்பது வருடம் வண்டியை ஓட வைப்பதே வேலையாக இருந்தவனுக்கு, வண்டியை விட்டுவிடு என்று சொல்ல வாய் வரவே இல்லை. ஆனாலும் சொன்னேன்.

“ஏகாம்பரம், வண்டிய வுடு. பெட்ரோல் இல்ல. தப்பு என்னுது, அப்பாலிக்கா சொல்றேன். பக்கத்துல எதுனா கடை கீதா?”

“எளநீ வண்டி ஒண்ணு கீது.”

“அந்த வண்டிக்காரங்களாண்ட சாவிய குட்த்துட்டு, ரவிக்கப் பைய தூக்கிக் காட்டிகினு ரோட்ல நில்லு. பட்டு வேட்டி, சந்தனம், குங்குமம். கண்ணாலத்துக்குப் போற ஆளுன்னு கண்ணு தெரியாதவனுக்கும் தெரியும். எந்த வண்டி நின்னாலும் ஏறு.”

“வண்டிய எப்டிண்ணா வுட்டுட்டு...”

“வண்டிய நான் பாத்துக்கறேன். உன் அக்கா பொண்ண நீ போயி பாரு!”

கத்தினேன். அவர் போனை அணைக்கவில்லை. வெயிலில் ஓடுகிற சத்தம், யாரையோ “சார், சார்” என்று கூப்பிடுகிற சத்தம், இரண்டு மூன்று வண்டி நிற்காமல் போன சத்தம். அப்புறம் காது கிழிகிற மாதிரி ஒரு ஏர் ஹாரன். “எங்க நைனா? கூடுவாஞ்சேரியா? ஏறு, ஏறு!” என்று ஒரு குரல். கதவு அடித்துச் சாத்துகிற சத்தம். தண்ணி லாரி!

நம் பக்கத்துத் தண்ணி லாரிகளை எத்தனை நாள் நான் சபித்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியாது. ஒதுங்கவும் மாட்டார்கள், ஒதுங்க விடவும் மாட்டார்கள். அன்றைக்கு மட்டும், இன்னும் வேகமாகப் போப்பா என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

என் ஸ்கூட்டரில் இருந்தே ஒரு லிட்டர் வடித்து எடுத்துக்கொண்டு வண்டலூருக்குப் போனேன். இளநீர் வண்டிக்கார அம்மா சாவியோடு காத்திருந்தது.

“பட்டு வேட்டி கட்டிகினு தண்ணி லாரில தொங்கிகினு போனாரே, அவரு வண்டியா?”

“ஆமாம்மா.”

“வண்டிய வுட்டுட்டுப் போக மனசே இல்ல அவருக்கு. ரெண்டு தபா திரும்பித் திரும்பிப் பாத்தாரு.”

பெட்ரோலை ஊற்றினேன். முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆனது. அந்தச் சத்தத்தைக் கேட்டு வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் எனக்கு அவமானமாக இருந்தது. என் ஸ்கூட்டரை அந்த அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு மெரூன் வண்டியை ஓட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். மணி ஒன்பதைத் தாண்டி இருபது நிமிடம்.

உள்ளே போக தைரியம் வரவில்லை. செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். மேடையில் ஒரே கூட்டம், யார் எங்கே என்று தெரியவில்லை. முதல் வரிசையில் பட்டு அங்கவஸ்திரத்தோடு ஒருவர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நின்றவரிடம், “அவரு யாருங்க?” என்று கேட்டேன். “பொண்ணுக்குப் பெரியப்பா” என்றார். அந்த உர்ரைப் பார்த்து நான் சந்தோஷப்பட்ட மாதிரி என் கல்யாணத்தில்கூடச் சந்தோஷப்பட்டதில்லை. அப்புறம் கூட்டம் விலகியது. மணையில் ஏகாம்பரமும் சம்சாரமும். பக்கத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும், கழுத்தில் தாலி. ஏகாம்பரத்தின் இரண்டு கையும் மணிக்கட்டு வரை கரி. நான் தடவச் சொன்ன கப்ளர்களின் கரி. அந்தக் கையால்தான் தாரை வார்த்திருக்கிறார். கல்யாண ஆல்பத்தில் அது பளிச்சென்று விழுந்திருக்கிறது, நான் பார்த்தேன்.

பந்தியில் அவரே என்னை இழுத்துக்கொண்டுபோய் உட்கார வைத்து, சாம்பார் வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். சாப்பிடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மிதவை, கம்பி, இரண்டு மணி நேரம், நான் வாயைத் திறக்காதது, ஏன் திறக்கவில்லை என்பது வரைக்கும். கேட்டுக்கொண்டே இருந்தவர் வாய்விட்டுச் சிரித்தார்.

“அப்ப நீ நல்லா வேல செஞ்சதாலதான் நான் தெருவுல நின்னேன்?”

“ஆமாம்பா.”

“மொதல்ல அந்தக் கம்பிய பழையபடி வளச்சுக் குட்ரு. எனக்கு அந்த முள்ளுதான் வேணும்.”

மறுவாரம் வளைத்துக் கொடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், தெரிந்தே ஒரு மீட்டரைத் தப்பாக அமைத்துக் கொடுத்தது என் தொழிலில் அது ஒரே தடவைதான். சீட்டுக்கு அடியில் ஒரு அட்டையில் எழுதி ஒட்டினேன்: “எம்ப்டி என்றால் இரண்டு லிட்டர் உண்டு. வண்டிக்காரருக்குத் தெரியும். கை வைக்காதே.” பின்னால் வரும் என்னைப் போன்ற கெட்டிக்காரன் எவனாவது கையை வைத்துவிட்டால் என்ன செய்வது?

அன்றையிலிருந்து பழைய வண்டி எது வந்தாலும் கப்ளரைத் தொடுவதற்கு முன்னால் ஓட்டுகிறவரைத் தொட ஆரம்பித்தேன். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பேன். என்னென்ன பதில் வந்தது தெரியுமா? ஒரு டீச்சர் மீட்டர் கண்ணாடி மேல் இரண்டு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வைத்திருந்தார். சிவப்புப் பொட்டு வந்தால் பங்க், கறுப்புப் பொட்டு வந்தால் கடவுள் விட்ட வழி என்றார். பெரும்பாக்கத்திலிருந்து வரும் ஒருவர் முள்ளைப் பார்ப்பதே இல்லை, பெட்ரோல் போடும் நாளில் கிலோமீட்டரை ஒரு துண்டு டேப்பில் எழுதி ஹேண்டிலில் சுற்றிவிடுவார். இன்னொருவர் வண்டியைச் சாய்த்துக் குலுக்கிக் காது கொடுத்துக் கேட்பார், அவர் வண்டியில் மீட்டர் செத்துப்போனதே அவருக்குத் தெரியாது. நாம் கோளாறு என்று நினைப்பதை வைத்துக்கொண்டு ஜனங்கள் ஒழுங்காகக் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். திருத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. திருத்தினதை வாயைத் திறந்து சொல்லுங்கள். பெருமைக்காகவாவது சொல்லித் தொலையுங்கள்!

அந்தப் பந்தியில் நடந்த இன்னொன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஏகாம்பரம் சிரித்துக்கொண்டிருக்கும்போதே பெண்ணும் மாப்பிள்ளையும் வரிசை வரிசையாக வணக்கம் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

“நித்யா, இவருதான் உன் ரவிக்கைய வண்டலூர்ல நிறுத்தி வெச்ச மகானுபாவன்” என்றார் ஏகாம்பரம்.

நான் எழுந்து நின்றேன். “மன்னிச்சிடும்மா. என்னாலதான் லேட்டு. ரவிக்கை இல்லாம ரூம்லயே உக்காந்திருந்தியாமே.”

அந்தப் பெண் மாமாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பியது.

“அங்கிள், ரவிக்கை இருந்துச்சு. அந்தப் புடவைக்கே மேட்சா இன்னொண்ணு ரெடிமேட்ல வாங்கி பெட்டியில வெச்சிருந்தேன். டெய்லர் இழுக்கும்போதே சந்தேகம் வந்துடுச்சு.”

“அப்புறம் ஏம்மா போட்டுக்கல?”

“எட்டு மணிக்கே பெரியப்பா மணைகிட்ட போய் வேட்டியை சரி பண்ணிக்க ஆரம்பிச்சிட்டாரு. ஐயரும் பொண்ணைக் கூப்பிடுங்கன்னாரு. நான் உள்பக்கம் தாப்பா போட்டுட்டேன். ரவிக்கை வரல, ரவிக்கை வரலன்னு கத்திட்டே இருந்தேன். அம்மா கெஞ்சினாங்க, அத்தை கதவைத் தட்டுனாங்க. மாமா குரல் கேட்ட பிறகுதான் தாப்பாவை எடுத்தேன்.”

“ஒம்போது அடிச்சிருந்தா?”

“பத்தரைக்கு மேல ஒரு முகூர்த்தம் இருக்கு அங்கிள். காலண்டர்ல பாத்துட்டுதான் தாப்பாவே போட்டேன்.”

மாப்பிள்ளைக்கும் இது அப்போதுதான் தெரியும் போலிருக்கிறது, வாயைப் பிளந்துகொண்டு நின்றார். ஏகாம்பரம் சாம்பார் வாளியைக் கீழே வைத்தார். காலையிலிருந்து ஓடி, உதைத்து, லாரியில் தொங்கி, எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டிருந்த மனுஷன், அந்தக் கரிக் கையால் முகத்தை மூடிக்கொண்டு பந்தி நடுவில் நின்று அழ ஆரம்பித்துவிட்டார். நித்யா அவர் தோளைப் பிடித்துக்கொண்டது. எனக்கும் தாங்கவில்லை. இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

பக்கத்து இலைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “சாம்பார் அவ்ளோ காரமாவா கீது?” என்று தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினார்.